மாட்டுக்கொட்டகை முன் நிற்காதவள்

பிப். 3, செவ்வாய்

பனி. மலைக்கோயில் வெகுநேரம் கண்ணில் படவில்லை. பள்ளிக்கு அரைநாள் விடுப்பு. வியாழனன்று டிவிக்காரர்கள் வருகிறார்கள், வீட்டுக்கு வெள்ளையடிப்பு.

ஓரகத்தி சரளா பாட்டுப் போட்டியில் கடைசி இருபது பேரில் ஒருத்தி. நாற்பத்து மூன்று வயது. இந்தப் போட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நன்றாகப் பாடுபவருக்கு அல்ல, நன்றாக அழுபவருக்கே ஓட்டு. இருந்தும் காலையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாங்க: ஜன்னல் திரை, முறுக்கு, சுண்ணாம்பு இன்னொரு மூட்டை.

கொழுந்தன்: "டிவிக்காரன் பாட்ட புடிக்க வர்றானா, செவுத்த புடிக்க வர்றானா?"
ச.: "ரெண்டையும் புடிக்கட்டும். நீ அந்த மூலைய அடி."

எதிர்வீட்டு வசந்தாவின் டிவி காலையிலிருந்தே அலறல். தலைவலி.

பிப். 5, வியாழன்

டைரக்டர் சின்னப் பையன், கறுப்புச் சட்டை. வீட்டைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"விவசாயக் குடும்பம்னு சொன்னாங்களே?"
கொழுந்தன்: "ஆங், விவசாயந்தாங்க. மூணு ஏக்கர் கரும்பு."

ச. பட்டுப்புடவையில். டைரக்டருக்கு வேண்டியது பழைய புடவை, வெறுங்கால். மாட்டுக்கொட்டகை முன்னால் நின்று கண்ணைத் துடைக்க வேண்டுமாம். கதை இல்லாவிட்டால் ஓட்டு விழாது, இந்தச் சுற்றோடு வெளியே என்றார். மிரட்டவில்லை. பரிதாபமாகத்தான் சொன்னார்.

ச.: "நீங்க சொல்றது நெஜமா இருக்கும் தம்பி. ஆனா எங்க வூட்ல மாடு பாடறதில்ல, நான்தான் பாடறேன். கூடத்துல வச்சி எடுங்க. சுண்ணாம்பு காயல, செவுத்துல சாஞ்சிடாதீங்க."

சாய்ந்தார். முதுகெல்லாம் வெள்ளை.

என்னிடம் வந்தார். "மேடம், நீங்களாவது அவங்க பட்ட கஷ்டத்த சொல்லுங்களேன்." முறுக்குத் தட்டை நீட்டினேன்.

அவர்கள் போன பிறகு ச.: "தப்பு பண்ணிட்டனா அக்கா? கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து ஆசப்பட்டது. இது போனா இந்த வயசுல அடுத்தது ஏது?"
"தப்பில்ல" என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதும் இதுதான்.

பிப். 14, சனி

ரயிலில் சென்னை. படப்பிடிப்பு. அரங்கில் ஏ.சி. குளிர், பசி, காத்திருப்பு. அவளுக்கு முன் பாடிய மூவரும் அழுதார்கள். நடுவர்களும்.

ச.விடம் ஒரு நடுவர்: "வாழ்க்கையில நீங்க பட்ட கஷ்டத்தப் பத்திச் சொல்லுங்க."
"நல்லா இருக்கேங்க. பாட வந்தேன்."

பாடினாள். பழைய சினிமாப் பாட்டு, அடுப்படியில் தினம் கேட்பது. சுருதி இம்மி பிசகவில்லை. எனக்கு முன் வரிசையில் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவள் அதைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"என் ஓரகத்தி" என்றேன் பக்கத்து இருக்கைக்காரரிடம். யாரென்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

பிப். 22, ஞாயிறு

நேற்று ஒளிபரப்பு. மற்றவர்களுக்கு நீளநீளமான சோகக் கதை, பின்னால் வயலின். ச.வுக்கு வாசல், புதுத் திரை, அவள் சிரிப்பு, முடிந்தது. பாட்டிலும் ஒரு சரணத்தை வெட்டிவிட்டார்கள். ஓட்டு போட்டேன். கைபேசியில் எப்படி என்று மகனிடம் கேட்க வேண்டியிருந்தது.

இன்று முடிவு. ச. வெளியே.

கூடம் நிறையத் தெருக்காரர்கள். வசந்தா: "கொஞ்சூண்டு அழுதிருந்தா இன்னா கொறஞ்சிடும் சரளா?"
"எதுக்குக்கா அழணும்? எனக்கு இன்னா கொற?" சிரித்தபடியே டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

வசந்தாவிடம் சொன்னேன்: "அவ அழுதிருந்தா நான் டிவிய நிறுத்திட்டுப் போயிருப்பேன்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும்.

பிப். 23, திங்கள்

பனி குறைவு. ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்தாயிற்று. வெட்டும் ஆட்களுக்கு இட்லி. ஒன்பதாம் வகுப்புத் தாள்கள் இன்னும் திருத்தவில்லை.

ச. மாவு ஊற்றிக்கினே பாடுகிறாள். (அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.) அதே பாட்டு, அவர்கள் வெட்டிய சரணத்தோடு. ஜன்னல்கள் திறந்தே.

பள்ளிக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் வசந்தா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.