கணவர் பெயர்: இரண்டு மதிப்பெண்

பயண நாள் 1402, 06:10. மூன்றாம் பாசித் தொட்டி.

நீர்மட்டம் சரி. வெப்பம் இருபத்தாறு. வடிகட்டியில் மூக்குச்சளி மாதிரி பச்சைக் கசடு. இரண்டு வாளி வழித்துப் போட்டேன். இந்தப் பாசியைத்தான் இந்த விண்கப்பலில் எண்ணூறு பேரும் கூழாகக் குடிக்கிறோம். அதை நினைக்காமல் வழிக்க வேண்டும். இன்று நினைத்துவிட்டேன்.

இதுவரை தொட்டிக் குறிப்பைக் கருவியிடம் பேசிப் பதிந்துவந்தேன். இன்று முதல் காகிதம். எழுபத்தொரு வயதில் எழுதப் படித்தவன் நான். கப்பலின் கல்விக் கூடத்தில் எட்டு மாதம் உட்கார்ந்தேன். மேலே உள்ள பத்தியை எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது. 'ழ' வந்த இடமெல்லாம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டினேன். அத்தனை சந்தோஷம்.

காகிதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே எதைப் பேசினாலும் கருவி கேட்கும். காகிதத்தில் எழுதினால் கேட்காது. இதைக் கண்டெடுப்பவர் யாரோ, வணக்கம்.

நாளை என் மனைவி சீனித்தாய்க்கு ஞாபகப் பரிசோதனை. போன வாரம் இரண்டு தடவை வேறொருவர் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த அறைக்காரர்கள் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

வெயிலுமுத்து.

(என் பெயர்தான். எழுதிப் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது.)

பயண நாள் 1403, 11:40. மருத்துவக் கூடம்.

அவள் தலையில் ஒரு பசையைத் தடவினார்கள். கோழை மாதிரி நூல் நூலாக இழுத்தது. அதில் வயர்களை ஒட்டினார்கள். பசை காதுக்குள் வழிந்தது. துடைக்கப் போனேன், தொடாதீர்கள் என்றது கருவி.

கருவிக்குப் பாகு மாதிரி ஒரு குரல் வைத்திருக்கிறார்கள். என் மனைவியை அது 'செல்லம்' என்று கூப்பிடுகிறது. ஐம்பது வருடத்தில் நானே அப்படிக் கூப்பிட்டதில்லை. 

விதி இது. மாதம் ஒன்றாக மூன்று பரிசோதனை, முப்பதுக்குப் பதினெட்டு எடுக்க வேண்டும். மூன்றாவதில் அதற்குக் கீழே போனால் உறைதூக்கம், ஐஸில் தூங்க வைத்துவிடுவார்கள். ஞாபகம் தப்பியவர் தெரியாமல் வெளிக்கதவைத் திறந்துவிட்டால் எண்ணூறு பேரும் போய்விடுவோமாம். சரி, அது நியாயம்தான். ஆனால் ஐஸில் வைத்தால், கப்பல் இறங்கும்போதுதான் எழுப்புவார்கள். அதற்கு இன்னும் பதினோரு வருடம். என் இதயம் உறைதூக்கத்தைத் தாங்காது, நான் விழித்தே இருக்க வேண்டும். பதினோரு வருடம் நான் தாங்க மாட்டேன் என்று டாக்டர் ஜெசிந்தாவே சொல்லியிருக்கிறாள். ஆக, சீனித்தாயை ஐஸில் வைக்கிற அன்று பார்ப்பதுதான் கடைசி.

இது என்ன காலம் என்று கருவி கேட்டது. "இங்க ஏது காலம்? என்னைக்கும் ஒரே குளிருல்லா," என்றாள். தவறாம். குடை, பேருந்து, வாழைப்பழம் மூன்றையும் ஞாபகம் வைக்கச் சொன்னது. நாலு வருடமாக ஒரு வாழைப்பழத்தைக் கண்ணால் காட்டியதுண்டா?

பிறகு கணவர் பெயர். இரண்டு மதிப்பெண். சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அவுக பேர எப்படிச் சொல்ல? மேல காயும்லா, அது. சிப்பிக்குள்ள கெடக்கும்லா, அதையும் கூடச் சேத்துக்கோங்க."

வெயில். முத்து. ரேஷன் கடையிலும் ஓட்டுச் சாவடியிலும் இப்படித்தான் சொல்லுவாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே சரியாக எழுதிக்கொள்வார்கள். கருவி சொன்னது: "பதில்: வானிலை, கடல் உணவு. தொடர்பற்றது. பூஜ்யம். பரவாயில்லை, செல்லம்."

மொத்தம் பத்தொன்பது. இந்தத் தடவை தப்பித்தாள்.

டாக்டர் ஜெசிந்தா என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஐயா, அடுத்த தடவை அம்மாவைப் பேரைச் சொல்லச் சொல்லுங்க. ரெண்டு மார்க் சும்மா போகுது."

வெயிலுமுத்து.

பயண நாள் 1433, 23:30. மருத்துவக் கூடம்.

இன்று முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். சுருண்டு படுக்கச் சொல்லி, இறால் மாதிரி வளைத்துப் பிடித்துக்கொண்டு. பாட்டு வேண்டுமா செல்லம் என்று கருவி கேட்டது. அதன் வாய் எங்கே இருக்கிறது என்று தேடினேன், பாசிக் கசடை அள்ளி அடைக்க.

அதன் பிறகு கேள்விகள். பதினேழு. பெயருக்குப் பூஜ்யம். கணவர் பெயரை மனைவி வாயால் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்று பூமிக்கு மனுப் போட்டேன். முதன்முதலாக என் கையால் எழுதிய மனு. ஜெசிந்தா அதைப் படம் பிடித்து அனுப்பினாள். ஒன்பது மணி நேரத்தில் பதில் வந்தது:

"மருத்துவக் குழுவிலிருந்து. மனு கிடைத்தது. வழக்கம் என்பது மருத்துவக் காரணம் ஆகாது. குறிப்பால் உணர்த்துவதும் எழுதிக் காட்டுவதும் பதிலாக ஏற்கப்படாது. முப்பது நாளில் மூன்றாவது, இறுதிப் பரிசோதனை. அதுவரை, கதவுகளைத் திறக்கும் அவரது கதவு அட்டை நிறுத்தப்படுகிறது. அன்புடன்."

அன்புடன் என்ற சொல்லை எழுத நான் மூன்று நாள் பழகினேன். அதை இவர்கள் இப்படிச் செலவழிக்கிறார்கள்.

வெயிலுமுத்து.

பயண நாள் 1440, 14:05. எங்கள் அறை.

கெஞ்சிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்றேன்.

"சொன்னா ஒங்க ஆயுசு கொறையும்."

"ஏட்டி, நீ ஐஸ்ல கெடந்தா எனக்கு ஆயுசு எதுக்கு?"

"மூளையில கோளாறு எனக்கா ஒங்களுக்கான்னு அந்த டாக்டர் பிள்ளைகிட்ட கேக்கணும்," என்றாள். பத்து நாளில் இன்றுதான் சிரித்தோம்.

ஆனால் கூழை இரண்டு தடவை குடித்தாள். முதல் தடவை குடித்ததே தெரியவில்லை.

வெயிலுமுத்து.

பயண நாள் 1451, 15:20. எங்கள் அறை.

பாடம் நடத்துகிறேன். கல்விக் கூடத்தில் எனக்கு நடத்தியது மாதிரியே. சிலேட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, கருவியின் குரலிலேயே கேட்கிறேன்: "கணவர் பெயர் என்ன, செல்லம்?" பதிலையும் நானே சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. என் வாயிலேயே அந்தப் பாகு ஒட்டிக்கொண்டுவிட்டது. துப்பினாலும் போகவில்லை.

கேட்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறாள்.

வெயிலுமுத்து.

பயண நாள் 1458, 15:45. எங்கள் அறை.

இன்று வாயை மூடவில்லை. சும்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் விட்டுப் போகிறது. முன்னேற்றம்.

வெயிலுமுத்து.

பயண நாள் 1463, 10:50. மருத்துவக் கூடம்.

பசை. வயர்கள். குடையைச் சொன்னாள், பேருந்து போயிற்று, வாழைப்பழம் போயிற்று. ஜெசிந்தா கூட்டிக்கொண்டே வந்தாள். பதினாறு. கடைசிக் கேள்வி.

"வெயிலுமுத்து," என்றாள் சீனித்தாய்.

கணீரென்று சொன்னாள். கை மடியிலேயே இருந்தது. ஐம்பது வருடத்தில் அவள் வாயில் என் பெயரை நான் கேட்டது இன்றுதான். அழகாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"சரியான பதில், செல்லம். பதினெட்டு."

ஜெசிந்தா கை தட்டினாள். நான் அழுதேன். கதவு அட்டையை மறுபடி சட்டையில் மாட்டிவிட்டார்கள்.

வெளியே நடைபாதையில் சீனித்தாய் என் கையை மெல்லத் தட்டினாள்.

"வாத்தியாரய்யா, நான் சரியாச் சொல்லிட்டேம்லா?"

சரியாகச் சொன்னாய் என்றேன்.

"அது யாரு, அந்த வெயிலுமுத்து?"

பயண நாள் 1464, 06:30. மூன்றாம் பாசித் தொட்டி.

நீர்மட்டம் சரி. வெப்பம் இருபத்தாறு.

அவளுடைய கதவு அட்டையை நேற்றே கழற்றித் தொட்டியின் அடிக் கசடுக்குள் அமுக்கிவிட்டேன். யாரும் அங்கே கை விட மாட்டார்கள். எண்ணூறு பேருக்கும் அவளால் ஒன்றும் வராது.

ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஐஸ். அவள் என்னை மறந்ததற்குக் கருவி இரண்டு மதிப்பெண் போட்டது. மறக்கச் சொல்லிக் கொடுத்தது நான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. என் பெயரைப் பாடமாக்கி, என்னிடமிருந்து வழித்தெடுத்து, அந்தப் பாகுக் குரலில் அவள் வாயில் ஊற்றினேன். அந்தக் கருவியைத் திட்ட எனக்கு வாயில்லை.

அறையில் ஒரு பொம்பளை இருக்கும்போது வாத்தியார் உள்ளே படுக்கக் கூடாது என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவுக வந்தா என்ன நெனைப்பாக என்றாள். கதவுக்கு வெளியே படுத்தேன். இன்றும் அங்கேதான்.

காலையில் அவளிடம் கேட்டுப் பார்த்தேன். மேல காயும்லா, அது என்ன? கூரையில் எரிகிற குழல்விளக்கைக் காட்டினாள். சிப்பிக்குள்ள கெடக்கும்லா? யோசித்தாள். தெரியல வாத்தியாரய்யா, நாளைக்குப் படிச்சிட்டு வாரேன் என்றாள்.

இப்போது தொட்டி வாசலில் நின்று கூப்பிடுகிறாள். பாடத்துக்கு நேரமாகிவிட்டதாம். பெயரைச் சொல்லிக் காட்டட்டுமா என்கிறாள். சொல்கிறாள். மறுபடி சொல்கிறாள். நிறுத்த மாட்டேன் என்கிறாள்.

இதைக் கண்டெடுப்பவரே, அந்தப் பெயரை இனி நான் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
சீனித்தாய் வீட்டுக்காரர்