பவர் ஃபார்வர்டை வெளியே போகச் சொன்னார்கள்

அன்பு ஷாஜினிக்கு,

ஆண்டவர் கிருபையால் எனக்குச் சுகம்தான். உன் முதுகுவலி எப்படி? ஆன்சன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

ஷார்ஜாவில் நான் ஏசி ரிப்பேர் பார்க்கிற காலேஜில் நேற்று ஒரு கூத்து. பாஸ்கட்பால் டீமின் பவர் ஃபார்வர்டுக்குக் காய்ச்சல். கோச் என் உயரத்தைப் பார்த்துவிட்டு, "பாய், விளையாடியிருக்கியா?" என்று இந்தியில் கேட்டார். நாகர்கோவில் காலேஜ் டீமின் பழைய பவர் ஃபார்வர்டிடம் கேட்கிற கேள்வியா இது?

நம்ம காலத்து வழக்கப்படி நேரே ரிங்குக்குக் கீழே போய் நின்றேன். இடித்துத் தள்ளி, விழுகிற பந்தைப் பிடுங்குவதுதானே என் வேலை? கோச், "பாஹர் ஜாவ்!" என்று கத்தினார். வெளியே போகச் சொல்லிவிட்டாரே என்று ரோஷம் வந்து, கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டேன்.

பையன்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். "அங்கிள், திரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே!" இப்போதெல்லாம் பவர் ஃபார்வர்ட் ரிங்கை விட்டு அவ்வளவு தூரத்தில் நின்றுதான் பந்து எறிய வேண்டுமாம். எறிந்தேன். ஒன்று கோச்சின் டீயில் விழுந்தது. முட்டி லேசாக வீங்கியிருக்கிறது, பயப்படாதே. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் தடவ முறிவெண்ணெய் கொடுத்துவிடு. ஆன்சன் பேசுவதையும் ரெக்கார்டு பண்ணி அனுப்பு, வெறும் போட்டோ பத்தவில்லை.

ஒருத்தன் தூரத்தில் நின்றால்தான் உள்ளே இருக்கிறவர்களுக்கு இடம் கிடைக்குமாம். கோச் சொன்னார். சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் லீவில் வந்தால் நான் அடுக்களைக்குள்ளேயேதான் நிற்பேன். எப்போதும் போல "வெளியே போங்க" என்று விரட்டாதே.

கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் ரெனீஷ்