நாற்பது நாள் சாப்பாடு

மடுல்சீமையில் இருக்கும் என் அம்மாவின் பாதம் தொட்டு எழுதுகிறேன். முழங்கால் வலிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? நான் நலம். என் போன் நான் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் கையில் இருப்பதால், இங்கே குவைத்திலிருந்து ஊருக்கு வரும் லுணுகலைப் பெண்ணிடம் இதைக் கொடுக்கிறேன்.

என் மகள் ஹர்ஷினி பெரியவளான சடங்குக்கு வர லீவு கேட்டேன். "நாற்பது நாள் சாப்பாட்டைச் சமைத்துப் பிரீசரில் வைத்துவிட்டுப் போ" என்றார் மேடம். சந்தோஷமாக இரண்டு வாரம் சமைத்தேன். சமோசா மாதிரியான சம்பூசாவைப் பொரிக்காமல் வைத்தால் கெடாது. பருப்பும் கோழிக்கறியும் அன்று வைத்ததுபோலவே இருக்கும். எலுமிச்சைச் சாற்றைக்கூடக் கட்டியாக்கி வைத்தேன். உருளைக்கிழங்குக் கறிதான் இளகியதும் சவசவ என்றாகிவிடும். அதை நான் சாப்பிட்டேன்.

பிரீசர் நிறைந்த அன்று மேடத்தின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் காலி. "ருசி போகவே இல்லை. மறுபடி நிரப்பு, அப்புறம் போகலாம்" என்றார் மேடம்.

"கொழுந்து கூடுதலா எடுத்தா நாளைக்கும் அதையே கேப்பாங்கடி" என்று தேயிலை மலையில் சொல்வீர்கள். மறந்துவிட்டேன் அம்மா. மூடி மூடாத அளவுக்கு மறுபடியும் நிரப்பினேன்.

சடங்கைத் தள்ளிப்போட வேண்டாம். அவளுடைய ரவிக்கை அளவை மட்டும் எழுதுங்கள். நான் கடைசியாகத் தைத்தது ஏழு வயதுச் சட்டை.

மேடம் கூப்பிடுகிறார். இரண்டாவது பிரீசர் வந்து இறங்கிவிட்டது, துடைக்க வேண்டும்.

உங்கள் மகள்,
சாந்தகுமாரி