தக்காளி பேசிய வழக்கு

ஞாயிறு இரவு

பொதுமக்களின் கவனத்திற்கு: எங்கள் ஏரியாவான மர்பி டவுனில் இன்று காலை வாக்கி டாக்கி ஒன்று அம்மாவால் பறிமுதல் செய்யப்பட்டது.

காய்கறி வண்டியில் தக்காளிக்கு அடியில் அதை ஒளித்துவைத்தது நான்தான். அம்மா தக்காளியைத் தொட்டதும் அது பேசியது: "அக்கா, என்னை எடுக்காதீங்க, நான் முந்தாநாள் சரக்கு!" வண்டிக்கார அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அதைத் தோண்டியெடுத்து பீரோவில் பூட்டினாள்.

சட்டம் படிக்கும் என் அக்கா பரீட்சைக்காகச் சத்தமாகப் படிப்பது எனக்கு உதவியது. வயர்லெஸ் கருவியைப் பறிமுதல் செய்வதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டுமாம். எந்தப் பொருள், என்ன காரணம், பதில் சொல்ல எவ்வளவு நேரம் என எல்லாம் அதில் இருக்கவேண்டுமாம்.

"நோட்டீஸ் எங்கேம்மா?" என்றேன்.

"செய்றதையும் செஞ்சிட்டு உனக்கு நோட்டீஸ் வேற கேக்குதா?"

"அவன் கேக்கறது கரெக்ட்மா," என்றாள் அக்கா.

அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பொருள்: கறுப்பு டப்பா ஒன்று. காரணம்: வாய்க்கொழுப்பு. பதில்: ராத்திரி சாப்பாட்டுக்குள். அதுவரை பறிமுதல் செல்லாது என்று அக்கா சொல்ல, டப்பா மறுபடி என் கையில்! இந்த வீட்டில் அம்மாவைச் சட்டத்தால் மடக்கிய முதல் ஆள் நான்.

ஒரு சின்ன விஷயம். பதிலில், "பொருள் விவரம் தவறு, இது ஜோடி, இன்னொன்று என் ஸ்கூல் பையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தக்காளிக்கு அடியில் இருந்தது, குரலைப் பதிவுசெய்து வைத்த ஒற்றை டப்பா என்றுதான் அம்மா அதுவரை நினைத்திருந்தாளாம். இப்போது இரண்டுமே பீரோவில்.