பதினோரு மாதம்

ஜூன் 9, திங்கள்

பன்னிரண்டு பேர் வேண்டும். பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். பத்தும் ஒரே அச்சில் வார்த்தது போல: நல்ல கல்லூரி, நல்ல வீடு, நல்ல சட்டை. எங்கள் திட்டத்தின் இயக்குநர் பட்டியலைத் திருப்பித் தந்துவிட்டார். "யாரும் போக விரும்பாத பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கு, அறிவியல் வாத்தியார் தேடுறோம். அந்தப் பிள்ளைங்க தங்களை மாதிரி ஒரு ஆளையாவது போர்டு முன்னாடி பாக்க வேண்டாமா?"

இன்று நேர்காணலுக்கு வந்தவள் அப்படிப்பட்ட ஆள். பதினான்கு வருடம் வார்டு நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் இயற்பியல் படித்திருக்கிறாள். அம்மா அதே ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர். இவள் படித்த பள்ளியில் இரண்டு வருடம் அறிவியலுக்கு ஆளே இல்லையாம். நான் கேட்டதைவிட அவள் கேட்டதுதான் அதிகம். கடைசியில், "நீங்க அந்த மாதிரி பள்ளிக்கூடத்துல எத்தனை வருஷம் இருந்தீங்க மேடம்?"

"அஞ்சு," என்றேன்.

பதினோரு மாதம். அதுதான் உண்மை.

ஜூன் 10

அஞ்சு! வாய் எப்படி வந்தது எனக்கு?

ஜூலை 2

பயிற்சி வகுப்பு. மற்றவர்கள் மாணவர்களாக உட்கார, நர்ஸ் 'அழுத்தம்' பாடம் நடத்தினாள். குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, மேலே தூக்கத் தூக்கச் சொட்டு வேகமாவதைக் காட்டினாள். அசந்துபோனேன். ஆனால் பேச்சு குதிரை வேகம். கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

"கேட்டுட்டுக் கொஞ்சம் காத்திருங்க," என்றேன்.

"வார்டுல காத்திருந்தா ஆளே போயிடுவாரு அக்கா."

எல்லோரும் சிரித்தோம். மேடம் போய் அக்கா வந்துவிட்டது. எனக்குள் எங்கோ சுருக்கென்றது.

ஜூலை 20

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக்காரரோடு பெரிய சண்டையாம். "இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதப் பிடிக்கப் போறியான்னாரு. எங்க அக்கா அஞ்சு வருஷம் தாக்குப்பிடிச்சிருக்காங்க, என்னால முடியாதான்னு கேட்டேன். அடங்கிட்டாரு."

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "இப்பவே சொல்லிடு. நாள் ஆக ஆக வாயைத் தொறக்கறது கஷ்டம்."

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 21

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25

மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்திலிருந்து நர்ஸின் போன். குரல் கட்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அறுபத்தொரு பிள்ளைகள். "பின் வரிசை முழுக்க மேசையில தாளம் போடுதுங்க. நான் வாயத் தொறந்தா 'ஊசி, ஊசி'ன்னு கத்துதுங்க. முதல் வருஷம் நீங்க என்ன பண்ணீங்க அக்கா?"

என்ன பண்ணினேன்? ஓடிப்போனேன்.

"பழகிடும்," என்றேன். சீ.

செப்டம்பர் 8

பன்னிரண்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். இன்னும் ஒருவர் போனால் அடுத்த வருடம் திட்டமே கிடையாது என்கிறார் இயக்குநர். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் போவாள், அவளோடு எல்லாமும் போகும். சொல்லாமல் இருந்தால்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

செப்டம்பர் 11

அவள் வகுப்பைப் பார்க்கப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கூச்சல் கூரையைத் தூக்கியது. ஒரு கட்டத்தில் அவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஐந்து வருட அனுபவசாலியைப் பார்க்கிற பார்வை. என்னால் தாங்க முடியவில்லை.

மணி அடித்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். ஆய்வுக்கூடம் என்று பேர், உடைந்த நாற்காலிகள்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவள் கைக்குட்டையால் விரல்களிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் விட்டீங்க?"

"ஒரு பொண்ண அறைஞ்சுட்டேன். கணக்கு புரியலன்னு மூணாவது தடவை சொன்னா. அதுக்கு."

"மறுநாள் அந்தப் பொண்ணு வந்தாளா?"

"தெரியாது. நான் போகல."

அவள் கைக்குட்டையை மடித்து வைத்தாள். பிறகு, "நேத்து எனக்கும் கை ஓங்கிடுச்சு. எப்படியோ இறக்கிட்டேன். நான்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்னு ராத்திரி முழுக்க அழுதேன். உங்களுக்கும் கை ஓங்கியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா..."

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டே."

"வந்திருப்பேன். தயாரா வந்திருப்பேன். எங்க வேலையில, மருந்து என்ன பண்ணும்னு சொல்லாம ஊசி போட மாட்டோம் மேடம்."

மேடம்.

செப்டம்பர் 16

தலைமையாசிரியர் கூப்பிட்டார். "உங்க நர்ஸ் டீச்சர் மூணு நாளா வரல. பிள்ளைங்க சும்மா கிடக்குதுங்க. ஆள் அனுப்புவீங்களா, மாட்டீங்களா?"

என் போனை அவள் எடுக்கவில்லை. அனுப்ப ஆளும் இல்லை. நான்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 17

ஒன்பது வருடத்துக்கு அப்புறம் கையில் சாக்பீஸ். பின்னம் எழுதினேன், நடுக்கோடு வளைந்துபோனது. யாரோ சிரித்தார்கள். தாளம் தொடங்கியது. என் உள்ளங்கை வியர்த்தது — அதே பழைய சூடு. சாக்பீஸை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். பாடம் நடந்ததா? இல்லை. நாற்பது நிமிடம் ஓடாமல் நின்றேன், அவ்வளவுதான்.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் நர்ஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"நாளைக்கு வரேன்," என்றாள். "உங்களுக்காக இல்ல."

டிசம்பர் 4, வியாழன்

வியாழக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு என்னுடையது. அவள் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்காருகிறாள். அடுத்த வருட ஆள் தேர்வுக்கும் என்னோடு உட்கார அவளைக் கூப்பிட்டிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றாள்.

இன்று வகுப்பு முடிந்ததும் நோட்டைப் புரட்டி, "சன்னல் பக்கம் நாலு பேர் கை தூக்கினாங்க. ஒரு தடவைகூட நீங்க அந்தப் பக்கம் திரும்பல," என்றாள்.

"யார் யாரு?"

நாலு பேரையும் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.