பிக்கலோவின் தலை

காஜா பெராங், மலாக்கா
2-6-1957

தங்கை சாரதாவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணிக்கு மட்டும் மூட்டுவலி. இதைக் கேட்க உனக்கு மூன்று வருடமாக நேரம் கிடைக்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு 31-ல் சுதந்திரம். எங்கள் டவுன் பேண்டு பண்டார் ஹிலிர் படாங் திடலில் வாசிக்கப் போகிறது. அப்பாவின் பிக்கலோவை அன்றைக்கு நான் ஊத வேண்டும். புல்லாங்குழலில் பாதி நீளம்கூட இல்லாத அந்தக் குழல் இல்லாவிட்டால் பேண்டு பேண்டாகவே இருக்காது என்று அப்பா சொல்வாரே, நினைவிருக்கும்.

உடல் என்னிடம் இருக்கிறது. தலை இல்லை. வாய் வைத்து ஊதும் துண்டு இல்லாமல் மிச்சக் குழலை வைத்துக்கொண்டு நான் அடுப்பா ஊதுவது? பெட்டியையும் கரையான் தின்றுவிட்டது. உடலைத் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வாத்தியக் கடையில்தானே வேலை பார்க்கிறார். பொருந்துகிற மாதிரி ஒரு தலையும் ஒரு பெட்டியும் தேடி அனுப்பச் சொல். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று யாருக்கும் தெரியாமல் நீ கழற்றிக்கொண்டு போனாயே, அந்தத் தலையை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கடையில் விற்பதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கணேசமூர்த்தி


சிங்கப்பூர்
14-6-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

சாரதாவின் வணக்கம். பார்சலில் ஒரு தைலப் புட்டி இருக்கும். அது அண்ணிக்கு, உங்களுக்கு அல்ல.

இவர் சலிக்காமல் தேடினார். புதிதாக வருவதெல்லாம் வெள்ளித் தலை. நம்முடையது பழைய மரக்குழல், அளவே வேறு. கடைசியில் சீமைக்குத் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் விட்டுப்போன சாமான்களில் ஒரு மரத் தலை கிடைத்தது. பெட்டியும் அனுப்புகிறேன். உள்ளே சிவப்பு வெல்வெட், இரண்டு பள்ளம். ஒன்று உடலுக்கு, ஒன்று தலைக்கு.

யாருக்கும் தெரியாமல் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணிக்குத் தெரியும். அவர்தான் என் பையில் சேலைக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். கேட்டுப் பாருங்கள்.

தங்கை,
சாரதா


காஜா பெராங்
1-7-1957

சாரதாவுக்கு,

கேட்டேன். மீன் அரிந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆமா, நாந்தான் வச்சேன். அவ பொருள அவகிட்ட குடுத்தேன், இதுல என்ன இருக்கு?" என்கிறாள். என் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிர்க்கட்சி. நல்லா இருங்க இரண்டு பேரும்.

நீ அனுப்பிய தலை லொடலொடவென்று ஆடுகிறது. உடலின் கழுத்தில் நூல் சுற்றிச் செருகிப் பார்த்தேன். ஜாலான் பெண்டஹாராவில் நகை ஆசாரியிடம் கொண்டுபோய் உள்ளே மெல்லிய வளையம்கூடப் போட்டேன். ஆட்டம் நின்றது, சுருதி போய்விட்டது. கீழே சரியாகத்தான் இருக்கிறது, மேலே ஏறினால் பேண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேண்டு மாஸ்டர் டி குரூஸ் எல்லார் முன்னாலும் நிறுத்தி, "மூர்த்தி, பூனையை யார் மிதித்தது?" என்று கேட்டார். பேண்டில் இருபது வருடம் இருந்தவனுக்கு இந்த மரியாதை.

மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் போடுவாராம். மாப்பிள்ளையை இன்னொரு தலை பார்க்கச் சொல். நான் சொல்வது கடைத் தலை.

கணேசமூர்த்தி


சிங்கப்பூர்
9-7-1957

அண்ணனுக்கு,

இன்னொரு தலை கிடையாது. அப்பாவின் குழல் ஒரே மரத்தில் கடைந்த ஜோடி, வேறு எதுவும் அதோடு ஒத்துப்போகாது என்று இவர் சொல்கிறார். பொருந்துகிற தலை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். கேட்க மட்டும் வாய் வராது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா உங்களிடம் என்ன சொன்னார்? "சாரதா ஊதுனா காத்து வீணாப் போறதில்ல, அவளப் பாத்துக் கத்துக்கடா." மறந்திருக்க மாட்டீர்கள், மறக்கிற ஆளா நீங்கள்? நான் பெரியவளானதும் தெருப்பக்கத்து ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு, "பொம்பளப் பிள்ள குழல் ஊதுனா எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றீர்கள். அப்பா வாயே திறக்கவில்லை. அன்றோடு நின்றது. காரியத்தன்று சொந்தக்காரர்கள் முன்னால் குழல் ஆண்பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று எடுத்துக்கொண்டீர்களே, அப்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

தலையை மட்டும் ஊதினால் ஒரே சுரம்தான் வரும். மூன்று வருடமாகச் சமையல்கட்டில் அந்த ஒன்றையே ஊதிக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிகிறது அண்ணா.

"நீ என்னைவிட நன்றாக ஊதினாய், நான்தான் ஜன்னலைச் சாத்தினேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த தபாலில் தலை வரும்.

சாரதா


காஜா பெராங்
2-8-1957

சாரதாவுக்கு,

எழுத மாட்டேன். தங்கையிடம் மன்னிப்புச் சீட்டு எழுதிக்கொடுத்து வாங்கிய பொருளை வாயில் வைத்து ஊத என்னால் முடியாது.

டி குரூஸ் என் இடத்தில் ஒரு புல்லாங்குழல்காரனைப் போட்டுவிட்டார். என்னைப் பெரிய ஜால்ராவுக்கு மாற்றிவிட்டார். நாடு சுதந்திரம் வாங்குகிற நாளில் அப்பாவின் மகன் ஜால்ரா தட்டப் போகிறான். இப்போது திருப்திதானே உனக்கு?

மாப்பிள்ளை அனுப்பிய பெட்டியிலேயே உடலை வைத்து அனுப்பியிருக்கிறேன். இதையும் நீயே வைத்துக்கொண்டு அழு. பதில் வேண்டாம்.

கணேசமூர்த்தி


சிங்கப்பூர்
4-9-1957

அண்ணனுக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

பெட்டி வந்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் திறக்கவே இல்லை. அலமாரி மேல் போட்டுவிட்டேன். இவ்வளவு சுலபமாகத் தூக்கி எறிய முடிந்ததை அன்றைக்கே கையில் கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

31-ம் தேதி ரேடியோவில் உங்கள் விழாவைக் கேட்டோம். எங்களுக்கு இங்கே இன்னும் வெள்ளைக்காரன்தான். எங்கோ நீங்கள் ஜால்ராவோடு நிற்பீர்கள் என்று நினைத்ததும் என்னால் உட்கார முடியவில்லை. பெட்டியை இறக்கினேன். நீங்கள் சுற்றிய நூலை அறுக்கக் கத்தியும் எடுத்துவைத்தேன்.

நூல் இல்லை. கழுத்தில் புதுக் கார்க் ஒட்டியிருந்தது. உரசி, அளவு பார்த்து, மெழுகு தடவியிருந்தது. என்னிடமிருந்த தலையைச் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தத் தலை கையில் இல்லாமலே அளவை எப்படி நினைவில் வைத்திருந்தீர்கள் என்று தெரியவில்லை. வீசி எறிகிறவர் கார்க் மாற்றியா எறிவார்? இவ்வளவும் செய்கிற மனிதருக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லையே என்று நன்றாக அழுதேன். கோபம் தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தீரவில்லை.

விரல் மறந்துவிட்டது. உதடு மறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீதா ஓடிவந்து, "அக்கா, யாரு ஊதுறது, ரேடியோவா?" என்று கேட்டாள். "நாந்தான்" என்றேன்.

தீபாவளிக்கு நாங்கள் வருகிறோம். அண்ணியிடம் சொல்லுங்கள். பிக்கலோவும் வரும். உங்களுக்கும் ஊதத் தருவேன், ஆனால் முதலில் நான் ஊதுவேன், நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அந்த வரியை எழுத வேண்டாம். நான் வாயில் வைப்பதற்கு முன்னால் நீங்கள் எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் போதும்.

உங்கள் தங்கை,
சாரதா