மிளகாய்ப் பாத்தியில் ஏரோப்ளேன்

அன்புள்ள ஸ்லாவ்காவுக்கு, ஹங்கேரித் தோட்டத்திலிருந்து உன் மின்கோ. நான் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

செவ்வாய்க்கிழமை எங்கள் மிளகாய்ப் பாத்தியில் ஒரு ஏரோப்ளேன் விழுந்தது. பயப்படாதே. அதை ஓட்டி வந்த பையன் இஸ்தான்புல்லிலிருந்து புடாபெஸ்ட்வரை பறந்து காட்டுகிறேன் என்று கிளம்பியவனாம். நடுவானில் எஞ்சின் நின்றுபோக, புல்வெளி என்று நினைத்து இங்கே இறக்கிவிட்டான். அப்போதுதான் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியிருந்தோம். சக்கரம் புதைந்து வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்தது. அந்தச் சேறுதான் அவன் உயிரைக் காப்பாற்றியது.

அவனை இழுத்து வெளியே போட்டோம். அப்போது இறக்கை என் இடது பாதத்தில் லேசாக உட்கார்ந்தது, அவ்வளவுதான். தொட்டுப் பார்த்தேன், வெறும் துணியும் குச்சியும். இதுவா பறக்கிறது? அவன் மேலெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம்.

"ஏன் தம்பி, எஞ்சினுக்கு மலச்சிக்கலா?" என்றான் என்னோடு வேலை செய்யும் கோல்யு.

சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு நான், "வர்ற வழியில யாந்த்ரா ஆத்தப் பாத்தியா? எங்க ஊரு அந்தக் கரையிலதான்" என்று கேட்டேன்.

"பாத்தேண்ணே. அங்க ஒரு வீட்டுல கோழியெல்லாம் செதறி ஓடிச்சு. மஞ்ச முக்காடு போட்ட ஒரு பொம்பள விளக்குமாத்த என் மேல வீசுனா."

அவனுக்கு இன்னொரு கிண்ணம் பீன்ஸ் சூப் ஊற்றினேன்.

கம்பளிக் காலுறை பின்னி அனுப்பு. இடது கால் பெரிதாக இருக்கட்டும், கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கோல்யு தபாலுக்குக் கிளம்பிவிட்டான், வாசலில் நின்று கத்துகிறான்.

அந்த மஞ்சள் முக்காடு நீயா என்று எழுது. நீ இல்லையென்றாலும் நீதான் என்றே எழுது.

மின்கோ